தாரைச் சுரண்டாதீங்க!
புது ரோடு போட்ட அன்னைக்கே அப்பாவோட காரை எடுத்துட்டுப் போனேன். கதவுக்குக் கீழே முழுக்கத் தார்ப்புள்ளி. அவர் பார்க்கறதுக்குள்ள பிளேடால சுரண்டினேன். தாரோடு பெயிண்ட்டும் வந்துடுச்சு. மேலே இருக்கும் கிளியர் கோட் ஒரு தலைமுடி தடிமன்கூட இல்லைங்க.

தாரும் மண்ணெண்ணெயும் ஹைட்ரோகார்பன்தான். அதனால் தார் அதில் கரையும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் எழுதி மார்க் வாங்கின விஷயம்! மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரண்டு நிமிஷம் ஒத்தி வைங்க, மெதுவா துடைங்க, உடனே ஷாம்பூ போட்டுக் கழுவுங்க. பிளாஸ்டிக் பட்டையில் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விடுங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் வெளுத்துடும், தீயும் பிடிக்கும்.

எக்ஸாமுக்குப் படிச்சது அவசரத்துல கைக்கு வரலைன்னா, நாம என்ன இன்ஜினியர்? அப்பா இன்னும் அந்தக் கதவைப் பார்க்கலை. இன்னைக்கு நானே சொல்லிடப் போறேன்.