ராணிப்பேட்டையில் இடிந்த சுவர்: ‘எது, எப்படி உடையும்?’ என்று முன்பே கணக்கிட முடியுமா?

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கசடு மூழ்கடித்தது. 10 பேர் பலி. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். முறையான அனுமதி இல்லாமல் கட்டப்பட்ட தொட்டி என்பது பிறகுதான் வெளியே வந்தது.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘எஃப்எம்இஏ’ தெரிந்திருக்கும். ஒரு பாகம் எப்படியெல்லாம் பழுதாகலாம், பழுதானால் என்ன ஆகும், ஏன் ஆகும், முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று அட்டவணை போடுவது. 1949-ல் அமெரிக்க ராணுவம் எழுதிய நடைமுறையிலிருந்து வந்தது. அந்த அட்டவணையை இந்தச் சுவருக்குப் போட்டால் என்ன தெரியும்?

சுவர் ஏன் இடியும்?

கசடுத் தொட்டியின் சுவர் வெறும் காம்பவுண்டு சுவர் அல்ல, அணை மாதிரி. 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் நாலரை டன் விசை தள்ளும். 4 மீட்டர் என்றால் 8 டன். சுவரை அடியோடு கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையோ 2 மடங்குக்கும் மேல் கூடிவிடும். இது பொதுவான கணக்குதான், ராணிப்பேட்டைத் தொட்டியின் அளவு இல்லை. கசடு தண்ணீரைவிடக் கனம் என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகம். ‘இன்னும் ஓரடி ஏத்திக்கலாம்’ என்பது கேட்கச் சின்ன விஷயம். சுவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, ஏன் ஏற்ற வேண்டிவருகிறது? சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் தெளிய, குரோமியம் கசடோடு அடியில் தங்கும். அதை அபாயகரக் கழிவாகப் பாதுகாப்பான நிலநிரப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே இடம் இல்லாவிட்டாலோ லாரி நின்றாலோ கசடு உள்ளேயே தேங்கும். ஆலையோ தினமும் ஓடுகிறது. ஆக, ‘காரணம்’ என்ற கட்டத்தில் சிமென்ட் கலவையை மட்டும் எழுதினால் போதாது. ‘கசடு போக வழியில்லை’ என்பதையும் எழுத வேண்டும். ‘விளைவு’ கட்டம் இன்னும் முக்கியம். ‘கசடு கசியும்’ என்று எழுதி முடித்துவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால்தான் அந்தக் கட்டம் நிஜமாக நிரம்பும்.

மதிப்பெண்ணில் ஒரு வில்லங்கம்

தீவிரம், நேரும் வாய்ப்பு, கண்டுபிடிக்க முடியாமை: மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்குவது பழைய வழக்கம். சுவர் இடிவதற்கு 10, 2, 3 கொடுத்தால் 60. பம்பு சீல் கசிவுக்கு 4, 6, 5 கொடுத்தால் 120. கணக்குப்படி முதலில் சரிசெய்ய வேண்டியது பம்பு! ஆளைக் கொல்லும் விஷயம் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. இதனால்தான் 2019-ல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, தீவிரத்துக்கு முதலிடம் தரும் முறைக்கு மாறியது.

சட்டத்துக்கும் இந்த யோசனை புதிது அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. அந்த வழக்கே தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றியதுதான். சுவர் இடிந்தது அதற்கு 18 ஆண்டு கழித்து. 2025 ஜனவரி 30-ல் இதே வட்டாரத்து மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டிவந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு.

மூக்கை நம்பினால்?

அட்டவணையின் கடைசிக் கட்டமான ‘எப்படித் தெரியும்’ என்பதற்கு ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேறொரு உதாரணம் இருக்கிறது. தோலில் முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அந்தக் கழிவு, குரோம் பதனிடும் கட்டத்து அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகிய முட்டை வாடை. வாடை வந்தால் வெளியே வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சுமார் 100 பிபிஎம் தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றதும் ‘வாயு போயிடுச்சு’ என்று தோன்றும். கண்டறியும் வழி என்ற இடத்தில் மூக்கை எழுதினால் அதற்கு மோசமான மதிப்பெண்ணான 10-ஐத்தான் போட வேண்டும். தொட்டிக்குள் இறங்கும் முன் கருவியால் அளப்பதும், ஆளை இறக்காமலே இயந்திரத்தால் சுத்தம் செய்வதும்தான் மாற்று. விளைவு கட்டத்திலும் ஒருவர் என்று எழுதக் கூடாது. மயங்கியவரைத் தூக்க அடுத்த ஆள் இறங்குவார், அவருக்குப் பின்னால் இன்னொருவர்.