புது எஞ்சின், பழைய லாரி: கொதிப்பது ஏன்?

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். மோட்டார் கார்களுக்குப் பெயர் போன ஊர். அங்கே உட்வர்ட் அவென்யூ என்ற நீண்ட சாலை இருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தச் சாலையில் பழைய கார்களும் பழைய லாரிகளும் ஊர்வலம் போகும். 1995-ம் ஆண்டில் தொடங்கிய திருவிழா இது.

ஆயிரக்கணக்கான வண்டிகள்! ஆமை வேகம்! மேலே வெயில்!

சாலை ஓரத்தில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். பளபளவென்று பெயின்ட் அடித்த ஒரு பழைய லாரி. மூடி திறந்து கிடக்கும். உள்ளே இருந்து "புஸ்" என்று ஆவி. சொந்தக்காரர் கையைப் பிசைந்து கொண்டு பக்கத்தில் நிற்பார்.

ஏன் கொதித்தது? "ராடியேட்டர் போதவில்லை. இன்னும் பெரிதாகப் போட வேண்டும்" என்பார் அவர்.

அது பெரும்பாலும் தவறு என்பது என் அபிப்பிராயம்.

90 குதிரை இருந்த இடத்தில் 350 குதிரை

நான் சொல்வது பெரிய சரக்கு லாரியை அல்ல. முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, பின்னால் சாமான் ஏற்றும் சிறிய "பிக்கப்" லாரி. 1947-ம் ஆண்டில் செவர்லே கம்பெனி ஒரு புது மாதிரி பிக்கப்பை வெளியிட்டது. உருண்டை முகம், அழகான வண்டி. அதில் ஆறு சிலிண்டர் எஞ்சின். சக்தி 90 குதிரை.

அமெரிக்கக் குடியானவர்கள் அதில் வைக்கோல் ஏற்றினார்கள். மாட்டுத் தீவனம் ஏற்றினார்கள். இன்று பேரன்கள் அதையே புதுப்பிக்கிறார்கள். தாத்தா வண்டி அல்லவா? விற்க மனம் வருமா?

ஆனால் தாத்தா ஓட்டிய வேகம் பேரனுக்குப் போதாது. பழைய எஞ்சினைக் கழற்றி விட்டு, எட்டு சிலிண்டர் "வி-8" எஞ்சினை வைக்கிறார். 300 குதிரை, 350 குதிரை, அதற்கு மேலும் உண்டு.

இதை நான் குறை சொல்லவில்லை. வண்டி அவருடையது, ஆசையும் அவருடையது. எஞ்சினுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கைக்கூடக் காற்றுக்குச் செலவிடுவதில்லையே, அதுதான் என் குறை.

சூடு எங்கே போகிறது?

பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் எஞ்சின் இரும்பில் ஏறுகிறது. அதைத் தண்ணீர் சுமந்து வந்து ராடியேட்டரில் இறக்குகிறது. அங்கே அந்தச் சூட்டை வாங்கிக் கொண்டு போவது யார்? காற்று!

கூலிக்காரன் மூட்டையைக் கொண்டு வந்து வாசலில் வைக்கிறான். எடுத்துப் போக வண்டி வரவில்லை. வாசலைப் பெரிதாகக் கட்டினால் மூட்டை போய் விடுமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 350 குதிரை எஞ்சின் எப்போதும் 350 குதிரையின் சூட்டைத் தராது. மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போதுதான் தரும். ஊர்வலத்தில் ஊர்ந்து போகும்போது அது உண்டாக்கும் சூடு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் எடுத்துப் போக ஆள் இல்லை. அதனால்தான் கொதிக்கிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: வண்டி எப்போது கொதிக்கிறது?

நின்றால் கொதிக்கிறது, ஓடினால் ஆறுகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போதுதான் கொதிக்கிறது என்றால் குறை தண்ணீர் ஓட்டத்திலோ ராடியேட்டரிலோ இருக்கலாம். பெரிய ராடியேட்டர் அப்போது உதவும். இப்படிக் கேட்காமலே கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

விசிறி எட்ட நிற்கிறது!

பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் நீளமானது. சிலிண்டர்கள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஆகவே அதன் விசிறி ராடியேட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வி-8 எஞ்சினில் இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. நீளம் குறைவு. பழைய இடத்தில் பின்பக்கத்தை இருத்தினால், முன்னால் இடைவெளி விழுந்து விடுகிறது. விசிறி எட்டப் போய் விடுகிறது. பல வண்டிகளில் அது தாழ்ந்தும் நிற்கும்.

எட்ட நிற்கும் விசிறி என்ன செய்யும்? ராடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் நுழைந்து வருவது காற்றுக்குக் கஷ்டம். பக்கத்தில் இருந்து வருவது சுலபம். எஞ்சினைச் சுற்றி இருக்கும் சூடான காற்றையே விசிறி மறுபடி மறுபடி இழுத்துச் சுழற்றுகிறது. விசிறி சுற்றுவதைப் பார்த்துச் சொந்தக்காரர் திருப்தி அடைகிறார்!

இதற்கு மருந்து ஒரு கூடு. "ஷ்ரவுட்" என்று சொல்லுவார்கள். ராடியேட்டரின் பின்பக்கம் முழுவதையும் மூடி, விசிறி சுற்றும் இடத்தில் மட்டும் வட்டமாகத் திறந்திருக்கும். விசிறி இலை பாதி கூட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். சுற்றிலும் இடைவெளி ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ராடியேட்டரின் ஓரத்தில் சந்து இருந்தால் அதையும் தகடு வைத்து அடைக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ராடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு தாளைப் பிடியுங்கள். கையை எடுத்தாலும் தாள் ஒட்டிக் கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் காற்று வரவில்லை என்று அர்த்தம். மின்சார விசிறி வைத்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கம்பியை மாற்றிக் கொடுத்து விட்டால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். அப்படி ஓடும் வண்டிகளும் உண்டு.

தெர்மோஸ்டாட் மேல் ஏன் கோபம்?

கொதித்தவுடன் பலர் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறார்கள். அது தண்ணீர்ப் பாதையில் இருக்கும் சிறு கதவு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மூடும். சுமார் 82 டிகிரி செல்சியசில் திறக்கத் தொடங்கும். வண்டி கொதிக்கும் நேரத்தில் அந்தக் கதவு முழுக்கத் திறந்துதான் இருக்கும். பிடுங்கி என்ன பயன்?

ஒருவேளை கதவு மூடியபடி சிக்கிக் கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் கழற்றி, அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுச் சூடேற்றிப் பாருங்கள். திறக்கவில்லையா? புதியது வாங்கிப் போடுங்கள். இதற்குச் சமையல் பாத்திரத்தை மட்டும் எடுக்க வேண்டாம். வீட்டில் சண்டை வரும்.

தீப்பொறி விழும் நேரம் பிந்தினாலும் எஞ்சின் சூடாகும். தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்தாலும் சூடாகும். கீழ்க் குழாய் இற்றுப்போய் உள்வாங்கினாலும் சூடாகும். நல்ல மெக்கானிக் இவற்றை அரை நாளில் பார்த்து விடுவார்.

மூடியைத் திறக்காதீர்கள்!

ராடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் இருக்கும் அதே தத்துவம்தான். ஆவியை அடைத்து வைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரை தாங்கும். அதனால் எஞ்சினுக்கு நன்மை. ஆனால் சூட்டோடு சூடாக மூடியைத் திறந்தால்? அழுத்தம் சட்டென்று போகும். உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். குக்கரை விசில் அடங்காமல் திறக்கத் துணிவோமா?

பழைய ராடியேட்டர் ஈயப் பற்று வைத்தது. அதற்குப் புது வண்டியின் அழுத்த மூடியைப் போட்டால் பற்று விட்டுப் போகும்.

குளிர் தேசம் ஆகையால், அங்கே தண்ணீரோடு கிளைகால் என்ற திரவத்தைப் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். அது இனிக்கும்; ஆனால் விஷம். கொதித்து வழிந்ததை நாய் நக்கினாலும் குழந்தை வாயில் வைத்தாலும் உயிருக்கு ஆபத்து. கொட்டிய இடத்தை உடனே கழுவித் துடைக்க வேண்டும்.

கொதித்த பிறகும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால், அலுமினிய சிலிண்டர் தலை வளைந்து போகும். இடையில் உள்ள காஸ்கெட் கிழிந்து, தண்ணீர் எண்ணெயில் கலக்கும். அந்தச் செலவுக்கு முன்னால் கூட்டின் விலை ஒன்றுமே இல்லை. ஊசி ஏறியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து விட்டு, நன்றாக ஆறும் வரை நிழலில் உட்கார்ந்து கொள்ளுங்கள். ஊர்வலம் எங்கும் ஓடிப் போகாது. அது போகிற வேகம்தான் தெரியுமே!