வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஒயர்

காப்பிப் பழத்துக்குப் பொறுமை கிடையாது. காலையில் பறித்ததை அன்றைக்கே தோல் நீக்கித் தொட்டியில் போட்டாக வேண்டும். மூட்டையிலேயே ஓர் இரவு கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். பிறகு தோலோடு உலர்த்தி, கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

சென்ற டிசம்பரில் தாண்டிக்குடி மலையிலுள்ள என் மாமனாரின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி. கீழ்ச் சரிவில் ஒன்பது மூட்டைப் பழம். அவற்றை மேலே கொண்டு வர வேண்டிய வண்டியோ மௌன விரதம் பூண்டுவிட்டது!

வண்டி என்றால் ஜீப் அல்ல. நான்கு தடித்த சக்கரங்கள், மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, நடுவே 150 சி.சி. எஞ்சின். ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் கல்யாணமாகிப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். ஒரு நடைக்கு இரண்டு மூட்டை சுமக்கும். பாதையே இல்லாத இடத்தில் அதற்குத்தான் உற்சாகம் அதிகம்.

ஸெல்ப் பொத்தானை அமுக்கினால் எஞ்சின் 'கிர்ர்' என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

"பாட்டரி போச்சு, மாப்பிள்ளை. புதுசு வாங்கணும்" என்றார் மாமா. அவர் அகராதியில் எல்லா வியாதிக்கும் பாட்டரிதான் காரணம். பெட்ரோல் விளக்கு எரியாவிட்டாலும் பாட்டரி என்பார்!

பலாமரத்தடியில் மட்டும்தான் அங்கே செல்போன் பேசும். அங்கே நின்றுகொண்டு வத்தலக்குண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் நிதானமான பிரகிருதி.

"எஞ்சின் வேகமாச் சுத்துதில்ல? அப்ப பாட்டரியை விட்டுடுங்க, ஸார். ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. ஈரமா, காய்ஞ்சிருக்கா?"

ஈரம். பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் வரவில்லை என்பது அதற்கு அர்த்தம். காய்ந்திருந்தால் கார்புரேட்டர் பக்கம் போயிருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆனால், நம்மில் பலர் அதைக் கேட்காமலே கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மிச்சமாகும் ஒரு ஸ்குருவைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறோம்.

அடுத்து, வேறொரு நல்ல ப்ளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடம்பை எஞ்சினில் அழுத்தி வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, ப்ளக் கழற்றிய துவாரத்துக்குத் தள்ளி இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்குப் பதில் நம் மீசை பற்றிக்கொள்ளும். தொப்பியை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. அதில் வருவது பல்லாயிரம் வோல்ட். நீலப் பொறி பளிச்சென்று பாய வேண்டும். எங்களுக்கு மங்கல் மஞ்சள்கூடக் கிடைக்கவில்லை.

பொறி எப்படிப் பிறக்கிறது என்று இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பொறிக்கும் பாட்டரிக்கும் சம்பந்தமில்லை. எஞ்சினோடு சுற்றும் காந்தம் ஒரு சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. தீப்பெட்டி அளவே உள்ள சி.டி.ஐ. பெட்டி அதை வாங்கிச் சேமிக்கிறது. இன்னொரு சிறு சுருள் 'இப்போது!' என்று சைகை காட்டியதும், சேமித்ததை ஒரே மூச்சில் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டுகிறது. சில வண்டிகளில் பெட்டிக்குப் பாட்டரியிலிருந்தே 12 வோல்ட் வரும். அங்கே மட்டும் என் மாமாவின் கட்சிக்கு நியாயம் உண்டு.

வண்டியை நிறுத்தும் முறைதான் வேடிக்கை. வீட்டு விளக்கை அணைக்க மின்சாரத்தைத் துண்டிக்கிறோம். இந்த எஞ்சினை அணைக்கவோ, பெட்டியிலிருந்து வரும் ஓர் ஒயரை வண்டியின் உடம்போடு இணைக்கிறோம். மின்சாரம் பெட்டிக்குள் சேராமல் வண்டியின் உடம்புக்கு ஓடிவிடும். சாவி, கைப்பிடியிலுள்ள சிவப்புப் பொத்தான் எல்லாம் செய்வது இதைத்தான். ஆகவே, அந்த ஒயர் எங்கேயாவது தோலுரிந்து இரும்பைத் தொட்டால் போதும். வண்டி 'நிற்கச் சொல்கிறார்கள்' என்று எண்ணி நின்றுவிடும்.

"பெட்டிக்குப் போற ஒயரிலே, வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு ஒயர் இருக்கும். பெரும்பாலும் அதுதான். பிடுங்கிட்டுச் சுத்துங்க" என்றார் மெக்கானிக்.

பிடுங்கினோம். நீலப் பொறி! மாமா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியே ஓட்டாதீங்க!" என்று போன் அலறியது. "சரிவிலே ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கிட்டா எதை வெச்சு நிறுத்துவீங்க?"

மாமா இறங்கினார்.

பம்புசெட்டுக்காக அவர் வாங்கிவைத்திருந்த மல்டிமீட்டர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாவியையும் சிவப்புப் பொத்தானையும் ஓடும் நிலையில் வைத்து, பெட்டியிலிருந்து கழற்றிய ஒயரில் ஒரு முனை, வண்டியின் உடம்பில் மறு முனை. மீட்டர் சும்மா இருக்க வேண்டும். அதுவோ 'பீ...' என்று கூவியது. கைப்பிடியை வலப்புறம் திருப்பினேன்; அடங்கியது. இடப்புறம், மறுபடி கூவல்.

"நாலு நாளாவே இடது வளைவிலே இருமிக்கிட்டுத்தான் இருந்தது" என்றார் மாமா, சாவகாசமாக. நாலு நாளாக!

கைப்பிடித் தண்டின் அடியில், ஒயர்க் கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் இரும்புத் தகட்டில் உரசியிருக்கிறது. மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்ஸுலேஷன் டேப் சுற்றி, அதன்மேல் பழைய ரப்பர்க் குழாயைப் பிளந்து போர்த்தி, உரசாத பக்கமாகக் கட்டினோம். பத்து நிமிஷ வேலை, செலவு பூஜ்யம்.

ஒயரைப் பிடுங்கியும் பொறி வராதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். ப்ளக் தொப்பியைத் திருகிக் கழற்றி, பச்சை பூத்த ஒயர் நுனியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கி மறுபடி மாட்டுங்கள். இணைப்புகளைப் பிரித்து உலர்த்துங்கள். எர்த் ஒயர் வண்டியில் சேரும் இடத்தில் துருவையும் பெயின்டையும் சுரண்டுங்கள். மழைக்காலத்தில் மலை வண்டிகளின் பெரும்பாலான சீக்கு இவ்வளவோடு தீரும். பிறகுதான் மீட்டர் வைத்துச் சுருள்களை அளக்க வேண்டும். சரியான ஓம் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். சி.டி.ஐ. பெட்டியை அளந்து பார்க்கச் சுலப வழி இல்லை. அதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். கடைக்காரர் அதைத்தான் முதலில் விற்பார்.

ஐந்தாவது நடையில் கடைசி மூட்டை வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. பழம் உரிக்கும் இயந்திரம் இரவு ஒன்பது வரை ஓடிற்று. மறுநாள் காலை மாமா வத்தலக்குண்டுக்குப் புறப்பட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்கும் இருக்கட்டுமே, ஒரு பாட்டரி" என்றார்.