வட்டத்துக்கு வெளியே ஒருத்தி

மைதானத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கும் கபடி வீரரையோ, அகாடாவின் மூலையில் இருக்கும் அனுமாரை வணங்கிவிட்டு மண்ணில் கால் வைக்கும் பனாரஸ் மல்லரையோ, சதமடித்ததும் வானத்தைப் பார்க்கும் பேட்ஸ்மேனையோ யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. ஒருவருடைய நம்பிக்கை அவரோடு சேர்ந்தே மைதானத்துக்குள் வருகிறது. பிரச்னை தொடங்குவது வேறோர் இடத்தில். "வாருங்கள், எல்லோரும் சேர்ந்து கும்பிடுவோம்" என்று கோச் சொல்கிறார் பாருங்கள், அங்கே. அதிலும் அந்த அணியில் இருப்பவர்கள் பன்னிரண்டு, பதிமூன்று வயதுக் குழந்தைகள் என்றால் விஷயம் இன்னும் சிக்கல்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டங்கன்வில் என்ற ஊர். 1980களின் இறுதியில் அங்கே அரசுப் பள்ளி ஒன்றின் கூடைப்பந்து அணியில் 12 வயதுச் சிறுமி சேர்ந்தாள். பயிற்சியின்போதும் போட்டிகளின்போதும் அணி கூடி நின்று கிறிஸ்தவப் பிரார்த்தனை சொல்வது அங்கே பல வருட வழக்கம். கோச்சும் அதில் சேர்ந்துகொள்வார். தனித்துத் தெரியக் கூடாது என்பதற்காகச் சிறுமியும் முதலில் சேர்ந்துகொண்டாள். பிறகு வீட்டில் சொன்னாள். "விருப்பமில்லை என்றால் சேர வேண்டாம்" என்றார் அப்பா. அன்று முதல் மற்றவர்கள் பிரார்த்திக்கும்போது அவள் மட்டும் வட்டத்துக்கு வெளியே நின்றாள். "நீ கிறிஸ்தவப் பெண் இல்லையா?" என்று சக மாணவிகள் கேட்டார்கள். ஒரு போட்டியின் முடிவில் பார்வையாளர் ஒருவர் எழுந்து, அவள் ஏன் பிரார்த்திக்கவில்லை என்று கூச்சல் போட்டார். ஓர் ஆசிரியர் அவளைக் குட்டி நாத்திகர் என்றார். இவை அத்தனையும் கோர்ட் பதிவில் இருக்கின்றன. பள்ளி ஊழியர்கள் மாணவர்களின் பிரார்த்தனையை நடத்துவதோ அதில் பங்கெடுப்பதோ கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995ல் உறுதி செய்தது.

இந்த வழக்கில் யாரும் அந்தச் சிறுமியை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, அணியை விட்டு நீக்கவில்லை. "கட்டாயம் இல்லை" என்று பள்ளி சொன்னதும் ஒருவகையில் உண்மைதான். ஆனால் கட்டாயம் என்பது எப்போதும் பிரம்போடு வருவதில்லை. பத்துப் பேர் கண்மூடி நிற்கும்போது ஒருத்தி மட்டும் கண் திறந்து நிற்க வேண்டும் என்பதே ஒரு தண்டனைதான்.

இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 2022ல் மறுபடி வந்தது. இந்த முறை வழக்குப் போட்டவர் கோச். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு அருகே கப்பல் தளமுள்ள பிரெமர்ட்டன் நகரின் அரசு உயர்நிலைப் பள்ளி. ஜோசப் கென்னடி, முன்னாள் மரைன் படைவீரர், 2008ல் அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மைதானத்தின் நட்டநடுவே, ஐம்பது கஜக் கோட்டில் மண்டியிட்டு நன்றி சொல்வார். முதலில் தனியாக. பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எதிரணி வீரர்களும் வந்தார்கள். ஏழு வருடங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. 2015ல் நிர்வாகத்தின் காதுக்கு விஷயம் எட்டியது. நிறுத்தச் சொன்னது. சில வாரம் நிறுத்தியவர், அக்டோபரில் மீண்டும் மண்டியிட்டார். கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். வழக்கு ஏறக்குறைய ஆறு வருடம் நடந்தது.

2022 ஜூன் 27ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு கென்னடிக்குச் சாதகம். அக்டோபரில் அவர் செய்த மூன்று பிரார்த்தனைகளும் தனிப்பட்டவை, மாணவர்கள் வேறு வேலையில் இருந்த நேரத்தில் நடந்தவை, எனவே அவை அவருடைய பேச்சுரிமையிலும் மத உரிமையிலும் அடங்கும் என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், வீரர்கள் சூழ நடுவில் கோச் நிற்கும் போட்டோக்களையே தீர்ப்பில் சேர்த்துவிட்டார். 'இதுவா தனிப்பட்ட பிரார்த்தனை?' என்பது அதன் பொருள். பதிவில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஒரு மாணவன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பிரார்த்தனையில் நின்றான் என்று அவனுடைய தந்தை பள்ளியிடம் சொல்லியிருந்தார்.

வெற்றிக்குப் பிறகு கென்னடி 2023 செப்டம்பர் 1ல் ஒரே ஒரு போட்டிக்குத் திரும்பினார். மண்டியிட்டார். சில நாளில் ராஜினாமா செய்துவிட்டார். வழக்குச் செலவாகப் பள்ளி நிர்வாகம் 17 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: தீர்ப்பு கோச்சின் தனிப் பிரார்த்தனைக்குத்தான் அனுமதி தந்தது. கோச் அணியைக் கூட்டிவைத்துப் பிரார்த்தனை நடத்தலாம் என்று சொல்லவில்லை. போட்டிக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவரைக் கொண்டு பிரார்த்தனை சொல்ல வைப்பது தவறு என்ற 2000மாவது வருடத் தீர்ப்பும் ரத்தாகவில்லை.

இது அமெரிக்கர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 பிப்ரவரியில் டேராடூனில் கிளம்பிய சர்ச்சை பலருக்கு ஞாபகம் இருக்கும். ரஞ்சிக் கோப்பை வரலாற்றில் மிக அதிக ரன்கள் குவித்த வாசிம் ஜாஃபர், உத்தராகண்ட் அணியின் கோச் பதவியை ராஜினாமா செய்தார். அணித் தேர்வில் தலையீடு என்பது அவர் சொன்ன காரணம். உடனே அவர் மீது பாய்ந்தன வேறு புகார்கள். அணியின் முழக்கத்தில் இருந்த அனுமாரின் பெயரை எடுத்துவிட்டார், பயிற்சி முகாமுக்கு மௌல்வியை வரவழைத்தார் என்றெல்லாம். ஜாஃபர் மறுத்தார். வீரர்கள் சொல்லி வந்தது சீக்கிய மரபில் வந்த முழக்கம் என்றார். ஆடுவது மாநிலத்துக்காக, எனவே மாநிலத்தின் பெயரைச் சொல்லலாமே என்றுதான் யோசனை சொன்னதாக விளக்கினார். மௌல்வியைத் தான் அழைக்கவில்லை, தொழுகை பயிற்சி முடிந்த பிறகு மேலாளர் அனுமதியோடு நடந்தது என்றார். நீ செய்தது சரி என்று பகிரங்கமாகத் தோள் கொடுத்தவர் அனில் கும்ப்ளே.

அந்தச் சர்ச்சையில் ஒரு பாடம் இருக்கிறது. அணியின் முழக்கத்தில் ஒரு தெய்வத்தின் பெயர் ஏறிவிட்டால், பிறகு அதை இறக்க முடியாது. இறக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவருடைய மதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். முழக்கமே 'உத்தராகண்ட்' என்று இருந்திருந்தால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு தெளிவானது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிலையத்தில், மத போதனையிலும் வழிபாட்டிலும் சேரும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. மைனர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் சொல்லப்படும் பிரார்த்தனை இந்தப் பிரிவுக்கு உட்பட்டதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அதைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பினார்கள்.

அதற்கும் முன்னோடியான தீர்ப்பு 1986ல் வந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். மதம் அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். பள்ளி நீக்கியது. நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நாட்டின் கீதத்துக்கே வாய் திறக்காமல் நிற்கக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றால், ஒரு டீமின் பிரார்த்தனைக்கு இல்லையா?

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பிரார்த்தனை பயத்தைத் தணிக்கிறது. அடிபடுவோமோ, தோற்போமோ, ஊர் சிரிக்குமோ என்று வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் தைரியம் தருகிறது. வெவ்வேறு தெருவிலிருந்து வந்தவர்களை ஒரு மூச்சில் சேர்க்கிறது. ஜெயித்தால் தலைகனம் ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது. எல்லாமே மெய். ஒரு மிஷன் பள்ளியோ, மடம் நடத்தும் பள்ளியோ, மதரஸாவோ தன் பிள்ளைகளுக்குத் தன் வழியில் பிரார்த்தனை சொல்லித் தருவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. பெற்றோர் தெரிந்துதான் சேர்க்கிறார்கள்.

ஆனால் மாவட்ட அணியும் மாநில அணியும் அப்படி இல்லை. அங்கே இடம் கிடைப்பது வெறும் விளையாட்டு அல்ல. ஒரு சர்ட்டிபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட், பிறகு ரயில்வேயில் ஒரு வேலை என்று ஒரு ஏழைக் குடும்பத்தின் தலையெழுத்தே அதில் தொங்குகிறது. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்கார்வது என்று முடிவு செய்கிறவர் கோச். அவர் கைகூப்பினால் மாணவனும் கைகூப்புவான். அது பக்தியா, பயமா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் இல்லை. உண்மையான பக்தி உள்ளவர்தான் இதை நினைத்து அதிகம் வருந்த வேண்டும். பயத்தில் சொன்ன பிரார்த்தனை எந்தச் சாமிக்கும் பெருமை சேர்க்காது.

'அப்படியானால் எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாமே' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொது என்பது பெரும்பாலும் பெரும்பான்மையின் மொழியில்தான் இருக்கும். எல்லாச் சாமியையும் ஒரே வரியில் சேர்த்தாலும், சாமியே இல்லை என்ற வீட்டுப் பிள்ளை வெளியேதான் நிற்கும். சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967லேயே சட்ட அங்கீகாரம் தந்த தமிழர்களுக்கு அப்படிப்பட்ட வீடுகளும் உண்டு என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வழி ஒன்றும் கடினமானதல்ல. ஆட்டத்துக்கு முன் அரை நிமிடம் மௌனம். அதில் வேண்டுகிறவர் வேண்டட்டும், ஃபீல்டிங்கை யோசிக்கிறவர் யோசிக்கட்டும். பிள்ளைகளே கூடி வேண்டிக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும். கோச் அந்த நேரத்தில் அறைக்கு வெளியே இருக்கட்டும், யார் வந்தார் யார் வரவில்லை என்று பார்க்காமல். முழக்கத்தில் ஊரின் பெயரோ அணியின் பெயரோ போதும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் நவராத்திரி விரதத்துக்கும் நேர அட்டவணையில் கொஞ்சம் இடம் விட்டால், அது சலுகை அல்ல, நிர்வாகம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2022 ஜனவரியில் ஹோபார்ட்டில் ஆஷஸ் தொடரை முடித்த ஆஸ்திரேலிய அணி மேடையில் ஷாம்பெயினைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. மதுவிலிருந்து விலகியிருக்கும் உஸ்மான் கவாஜா கீழே ஒதுங்கி நின்றார். கேப்டன் பேட் கம்மின்ஸ் அதைக் கவனித்தார். பாட்டில்களை ஓரம் வைக்கும்படி சகாக்களுக்குச் சைகை காட்டி, கவாஜாவை மேலே அழைத்தார். சில விநாடி விஷயம்தான். அவருடைய மதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் தன் பழக்கத்தை விட்டுவிடவும் இல்லை.

ஒற்றுமை என்பது எல்லோரும் ஒரே மாதிரி கைகூப்புவதில் இல்லை. யார் வெளியே நிற்கிறார் என்று தலைவனின் கண் தேடுகிறதே, அதில் இருக்கிறது. அணியைத் தேர்ந்தெடுக்கும் கை ஆசீர்வாதத்தையும் சேர்த்து விநியோகிக்க வேண்டியதில்லை.