வேட்டைக் கத்தி வேண்டாம், வேலைக் கத்தி போதும்

"வெளியில் போகும்போது வைத்துக்கொள்ள நல்ல கத்தி ஒன்று சொல்லுங்கள் சார், விலையும் கட்டுப்படியாக இருக்க வேண்டும்" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தோப்பு வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். மலையேற்றம் போகும் அவர்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேட்கும்போதே கைப்பேசியில் ஒரு படத்தையும் நீட்டுகிறார்கள். கறுப்பு அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி. பெயர் 'ஹண்டிங் நைஃப்'. விலையில் பாதி தள்ளுபடி.

நில அளவைத் துறையில் 31 வருடம் முள்ளிலும் புதரிலும் நடந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பதை வாங்காதீர்கள். நாலு அங்குல அலகு, 3 மில்லிமீட்டர் கனம், சாதாரண கார்பன் எஃகு, கைக்கு அடங்கிய மரப்பிடி, இறுக்கமான உறை. இவ்வளவு இருந்தால் ஆயுசுக்கும் போதும். பக்கத்தில் நல்ல கொல்லுப்பட்டறை இருந்தால் அங்கேயே அடித்து வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 'வேட்டை' என்ற பெயர். நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1991-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஆக, இங்கே யாரும் வேட்டைக்காக இந்தக் கத்தியை வாங்கப்போவதில்லை. கயிறு அறுக்க, முளைக்குச்சி சீவ, முள் எடுக்க, காய்ந்த சுள்ளி பிளக்க, பழம் நறுக்கத்தான் வாங்குகிறோம். அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. 'ஆயுதம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது. மலையேற்றம் போகும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும்போதுதான் தெரிகிறது. போகிற இடம் சரணாலயமோ தேசியப் பூங்காவோ என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளிலும் ஓர் அளவு இருக்கிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் நம் வீட்டு அரிவாள் ஆயுதமாகவில்லை. நாலு அங்குலக் கத்திக்கு இந்த அளவுக் கவலையே கிடையாது. ஆனால் கத்தி எவ்வளவு சிறியதானாலும் பேருந்து நிலையத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது நல்லதல்ல.

மடக்குக் கத்தி போதாதா என்று கேட்பார்கள். பையில் கிடக்க அது சௌகரியம்தான். ஆனால் மடக்கும் கத்திக்கு ஒரு கீல் உண்டு. கீலில் மண் போகும், பழச்சாறு போகும், நாளாவட்டத்தில் ஆட்டம் காணும். அழுத்தி வேலை செய்யும்போது விரல்மேல் மடங்கிவிடும் பயமும் உண்டு. நத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் அளவைக்குப் போயிருந்தபோது, கிணற்றுமேட்டில் கட்டியிருந்த கன்றுக்குட்டி சரிவில் சறுக்கி, கழுத்துக் கயிறு இறுகித் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் செயின்மேன் ஒரு கையால் கன்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் இடுப்பு உறையிலிருந்து கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தார். எல்லாம் பத்து விநாடிதான். இரண்டு கையும் வைத்துத் திறக்க வேண்டிய கத்தியாக இருந்திருந்தால் கன்று பிழைத்திருக்காது. மடக்காத கத்தியின் பெருமை அவ்வளவுதான். உருவினால் தயார்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கத்தி எல்லா வேலைக்கும் ஆகும் என்று நினைக்கிறோம். மட்டை வெட்ட, புதர் கழிக்க அரிவாள் இருக்கிறது. அந்த வேலையைக் கத்தியிடம் கேட்கக் கூடாது. கத்திக்கு உரிய வேலைகள் எல்லாம் விரல் நுனிக்குப் பக்கத்தில் நடப்பவை. அலகு உள்ளங்கை அகலத்துக்கு மேல் நீண்டால் நுனி எங்கே போகிறது என்பது கைக்குத் தெரியாது. கனமும் அப்படித்தான். 5, 6 மில்லிமீட்டர் கனமுள்ள அலகைக் கையில் எடுத்தால் கம்பீரமாக இருக்கும். ஒரு மாங்காயை அறுத்துப் பாருங்கள், அறுக்காது, ஆப்பு மாதிரிப் பிளக்கும்.

இந்த ரம்பப் பல்லும் திசைகாட்டியும் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1982-இல் 'ஃபர்ஸ்ட் பிளட்' என்ற ராம்போ படம் வந்தது. அதில் கதாநாயகன் கையிலிருந்த கத்திக்குப் பிடி உள்ளீடற்றது, உள்ளே தீக்குச்சியும் தூண்டில் நரம்பும் வைத்திருப்பான். அது ஒரு கைதேர்ந்த அமெரிக்கக் கத்திக்காரர் செய்தது. அதைப் பார்த்து மலிவாகச் செய்தவைதான் உலகமெல்லாம் பரவின. பிடி உள்ளே காலி என்றால் அலகின் இரும்பு பிடிக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். ஒரு திருகாணியோ ஒரு பற்றவைப்போதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் நண்பர்களோடு முகாம் போன இடத்தில் அப்படிப்பட்ட கத்தியை விறகின்மேல் வைத்துக் கல்லால் தட்டியிருக்கிறான். அலகு முறிந்து தெறித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. ஏழு தையல். கத்தி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதனால் எந்தக் கத்தியை எடுத்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான். பிடியின் கடைசிவரை போய், இருபுறமும் மரம் வைத்துத் தறைந்திருந்தால் உத்தமம். பாதிக்கு மேல் போய் நன்றாக இறுகியிருந்தாலும் சரிதான். காட்ட மறுத்தாலோ சொல்லத் தெரியாவிட்டாலோ வாங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி எஃகு. துருப்பிடிக்காத எஃகு என்றால் அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அதில் நல்ல கத்திகள் இல்லாமல் இல்லை. ஆனால் மலிவு விலையில், எந்த ரகம் என்று சொல்லாமல் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்து வருபவை பெரும்பாலும் மெத்தென்ற இரும்பு. பளபளப்பு போகாது, கூர் நிற்காது. கார்பன் எஃகு நேர் எதிர். கொய்யா அறுத்தாலே கறுக்கும், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். ஆனால் சாதாரணச் சாணைக்கல்லிலேயே பத்து நிமிடத்தில் முடி வழிக்கும் கூர் வரும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, துருவுக்கு ஓரளவு தடுப்புதான். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும். கடற்கரை ஊர்க்காரர்கள் மட்டும் துருப்பிடிக்காததைப் பார்க்கலாம். உப்புக்காற்றோடு சண்டை போட முடியாது.

பட்டறையில் அடிக்கும் கத்திகளுக்குப் பழைய லாரிப் பட்டைதான் மூலப்பொருள். அதில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். பல வருடம் லாரியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்ந்த இரும்பு. கத்திக்கு வேண்டிய உறுதி அதில் இருக்கிறது. ஆனால் வெடிப்பு விழுந்து கழித்த பட்டையாக இருக்கக் கூடாது. கெட்டிக்கார ஆசாரி தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

இரும்பைவிட முக்கியம் தோய்ச்சல். ஒரே பட்டையில் இரண்டு பேர் கத்தி அடித்தால் ஒன்று தங்கமாக இருக்கும், மற்றொன்று தகரமாக இருக்கும். காரணம் இதுதான். அலகைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். இந்த இரும்பைத் தண்ணீரில் போட்டால் வெடிக்க வாய்ப்புண்டு. தோய்த்த அலகு கண்ணாடி மாதிரி உடையும் நிலையில் இருக்கும். மறுபடி இளஞ்சூடு காட்டி, தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஓடியதும் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டி நீலம் ஓடிவிட்டால் கூர் தாங்காது. வாங்கும்போது நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. ஒரு அரத்தை வாயோரமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது மாதிரி அரம் கடித்தால் தோய்ச்சல் இல்லை. லேசாகப் பற்றிப் பற்றாமல் வழுக்கினால் சரியான பதம்.

பிடியில் அழகு பார்க்க வேண்டாம். கையை மூடிப் பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். வியர்வையில் வழுக்காத மரமாக இருந்தால் போதும். நம்மில் சிலர் வீட்டில் அப்பா காலத்து மான்கொம்புப் பிடிக் கத்தி இருக்கும். பாசத்தோடு வைத்திருப்பீர்கள், தெரியும். ஆனால் மான்கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். புதிதாக யாராவது அப்படிப் பிடி போட்டுத் தருகிறேன் என்றால் கிட்டவே போகாதீர்கள்.

உறையை யாரும் கவனிப்பதில்லை. கவிழ்த்துப் பிடித்து உதறினாலும் கத்தி விழக் கூடாது. நுனி உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரக் கூடாது. தோல் உறை என்றால் வீட்டில் கத்தியை அதற்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அலகு துருவேறும்.

மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். சுவீடனில் மோரா என்ற ஊரில் காலங்காலமாகக் கத்தி செய்கிறார்கள். அவர்களுடைய சாதாரண வேலைக் கத்திக்கு சுமார் 10 செ.மீ. அலகு, பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. ஒரு அலங்காரமும் கிடையாது. தச்சர்களும் கட்டட வேலைக்காரர்களும் காட்டில் திரிபவர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். செலவை எஃகிலும் தோய்ச்சலிலும் போட்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்கள். இறக்குமதியாகி இங்கே வரும்போது அதன் விலை ஏறிவிடுகிறது. அந்தப் புத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு நம் ஆசாரியிடம் போகலாம் என்பது என் யோசனை.

"பட்டறைக் கத்தி ஒன்றுபோல் ஒன்று இருக்காதே" என்பார்கள். உண்மைதான். மெருகும் குறைவு. சில ஆசாரிகள் அரிவாளுக்குப் பழகிய கையில் சின்னக் கத்தியையும் தடிமனாக அடித்துவிடுவார்கள். அதனால் அட்டையில் அளவாக வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள், முதுகுக் கனம் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் பிடி ஆடினால் மாற்றித் தரவும், வாய் மழுங்கினால் மறுபடி காய்ச்சித் தரவும் ஆள் இருக்கிறார் என்பது இணையக் கடையில் கிடைக்காத வசதி.

இன்னொரு சங்கடமும் உண்டு. திருப்பாச்சேத்தி என்றாலே அரிவாள், அரிவாள் என்றாலே வெட்டுக்குத்து என்று சினிமா பழக்கிவிட்டது. கத்தி, அரிவாள் வாங்குபவர்களின் விவரத்தைக் குறித்துவைக்கும்படி 2021-இல் காவல்துறை பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அதிலிருந்து முகம் தெரியாதவர்களுக்குக் கத்தி அடிக்கவே சில ஆசாரிகள் தயங்குகிறார்கள். "எதுக்கு சார் வம்பு" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போகிறவர்கள் ஆதார் நகலைக் கொண்டுபோய் நாமாகவே கொடுத்துவிடலாம், என்ன வேலைக்கு என்றும் சொல்லிவிடலாம். கௌரவம் ஒன்றும் குறையாது. ஒளிவுமறைவில்லாமல் வாங்குகிறவர்கள் போகாவிட்டால், அந்த உலை அணைந்துவிடும். அப்புறம் களைக்கொத்துக்கு வாய் வைக்கவும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கூர் தீட்டும் விஷயம். மின்சாரச் சக்கரத்தில் பொறி பறக்கத் தீட்டுபவர்களிடம் நல்ல கத்தியைக் கொடுக்காதீர்கள். வாயோரம் நீலம் பூத்தால் ஆசாரி வைத்த பதம் அந்த நிமிடமே போயிற்று. இரண்டு பக்கமும் உள்ள சாணைக்கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அங்குல அகலமுள்ள அலகானால், முதுகைக் கல்லிலிருந்து 8, 9 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 20 டிகிரி வரும். அந்தச் சாய்வு மாறாமல் இருபுறமும் சமமாக இழுங்கள். மழுங்கிய கத்திதான் அழுத்த வைக்கும், அழுத்தும்போதுதான் கை வெட்டுப்படும். நம் வயதில் கை நடுக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை தீட்டுங்கள், துடைத்து எண்ணெய் தடவுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.