துளைப்பொறித் துணையாளின் உரிமை

திருத்தணி என்றவுடன் தமிழர் உள்ளத்தில் எழுவன இரண்டு. ஒன்று, ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 படிகள் உடையதென்று போற்றப்படும் முருகப்பெருமான் மலை. மற்றொன்று, 1888-இல் அவ்வூரிற் பிறந்து, வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணனாரின் பெயர். இவ்விரண்டோடு மூன்றாவதாகக் கல்லையும் சேர்க்க விரும்புகின்றேன். மலை கல், படி கல், சுற்றுப்புறத்தில் கிணறு தோண்டுவோர் கடப்பாரைக்கு எதிர்நிற்பதும் கல். அத்தகைய கல்லைத் துளைத்துப் பிழைக்கும் தொழிலாளருள், யாவரினும் கடைசியில் நிற்கும் துணையாளைப் பற்றியதே இக்கட்டுரை.

துளைப்புத் தொழில் இருவகைப்படும். தண்ணீருக்காகத் துளைப்பது ஒன்று. அதில் பாறை பொடியாகி வெளியேறும். பாறையையே எடுத்துப் பார்ப்பதற்காகத் துளைப்பது மற்றொன்று. பின்னதில் துளைக்கும் முனை வளையம்போல் நடுவே வெறுமையாக இருக்கும். அதன் விளிம்பில் வைரத்துணுக்குகள் பதிக்கப்பட்டிருக்கும். கிருஷ்ணை நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கங்களிலிருந்து அரசர் முடிக்கு ஏறிய வைரங்களைப் பற்றி நாம் படித்திருக்கின்றோம். இங்கே வைரம் அணியன்று, கருவி. இக்காலத்தில் பெரும்பாலும் ஆலையிற் செய்த வைரமே. வளையம் சுழன்று பாறையை அறுக்க, நடுவில் அறுபடாது நின்ற கல் உருண்டைத் தூண்போல் உட்குழாய்க்குள் ஏறும். இதனைத் தொழிலாளர் ‘கோர்’ என்பர். ‘என்கியூ’ என்னும் அளவில் துளையின் விட்டம் 75.7 மில்லிமீட்டர், கல்லின் விட்டம் 47.6 மில்லிமீட்டர். கடப்பைப் பகுதியில் மங்கம்பேட்டைப் பேரைட்டும் தும்மலபள்ளி யுரேனியமும் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு பரந்துள்ளன என்பதை மனிதர் அறிந்தது இத்தகைய கற்றூண்களைப் படித்தே. பாலத்திற்கும் அணைக்கும் சுரங்கப்பாதைக்கும் அடிநிலம் தாங்குமா என்று அறிவதும் இவ்வாறே.

இவ்வேலையில் பொறியை இயக்குபவன் டிரில்லர். அவனுக்குத் துணை நிற்பவன் ஹெல்பர். இரும்புக் குழாய்களாகிய ராடுகளைத் தூக்குவது, திருகுவது, கழற்றுவது, நீர்ப்பம்பைக் கவனிப்பது, கல்லை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்குவது யாவும் இவன் கடமை. ஒரு கணக்கைப் பாருங்கள். துளை 300 மீட்டர் ஆழம் சென்றுவிட்டது, முனை தேய்ந்துபோயிற்று, மாற்றவேண்டும். மூன்று மீட்டர் நீளமுள்ள ராடுகள் நூறு உள்ளே உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலேற்றி, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பூட்டி இறக்கினால், இருநூறு முறை அவன் கைகள் அத்திருகுவாயில் இருந்தாகவேண்டும். ஒரு ராடு ஏறக்குறைய 23 கிலோ. கப்பிக்கயிறு தூக்கினும், வழிப்படுத்துவது கையே. ஆக, நாலரை டன் இரும்பு அவன் விரல்களைத் தாண்டிச் செல்கின்றது. இருநூறில் ஒருமுறை விரல் சற்றுப் பிந்தினாற் போதும்.

அபாயங்கள் இதனோடு முடியவில்லை. சுழலும் ராடு ஒரு நூலிழையைப் பற்றினாலும் ஆளையே இழுத்துவிடும். ஆகவே தோளில் துண்டு, தொங்கும் சட்டை நுனி, தளர்ந்த கையுறை ஆகியவை பொறியருகே ஆகா. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி நேர்ந்து கழுத்தில் மாலையும் மணிக்கட்டில் கயிறும் அணிந்த பிள்ளை வேலைக்கு வந்தால், அவற்றைக் கழற்றி வைக்கவேண்டும். கழற்ற மனமில்லையாயின் பொறியினின்று விலகிய வேலையை அவனுக்குக் கொடுக்கவேண்டும். ராடின்மேல் ரெஞ்சு பூட்டியிருக்கும்பொழுது பொறியைச் சுழற்றினால் அந்த ரெஞ்சே தடியாகி அடிக்கும். பம்பின் அழுத்தத்தை இறக்காமல் நீர்க்குழாய் மூட்டைக் கழற்றினால் குழாய் பாம்புபோல் துள்ளும். உட்குழாயில் சிக்கிய கல்லை நீரழுத்தத்தால் தள்ளும்போது அதன் வாய்க்கு எதிரே நிற்பவன் துப்பாக்கிக்கு எதிரே நிற்பவனுக்கு ஒப்பாவான். மின்கம்பியருகே கோபுரத்தை நிமிர்த்துவதும், இடிமழையில் அதனடியில் ஒதுங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

“இவையெல்லாம் ஜாக்கிரதையாக இருந்தால் வாரா” என்று சொல்வோர் பலர். இக்கூற்றில் உண்மை சிறிது உண்டு. ஆயினும் அநீதி பெரிது. ஜாக்கிரதை என்பது பார்க்கும் கண் மட்டுமன்று. பார்த்ததை நிறுத்தும் அதிகாரமும் ஆகும். ராடின்மேல் ரெஞ்சு இருப்பதைத் துணையாள் காண்கின்றான். டிரில்லரின் கை விசையை நோக்கிச் செல்வதையும் காண்கின்றான். அப்போது அவன் வாய்திறந்து “நிறுத்து” என்றால் டிரில்லர் நிறுத்துவானா? அல்லது, “நேற்று வந்தவன் நீ எனக்குச் சொல்வதா?” என்பானா? இரண்டாவது விடையே கிடைக்குமென்று அஞ்சி அவன் வாளாவிருந்தால், அவனுடைய கண் கூர்மையாக இருந்தும் பயனென்ன?

வாய் மூடியிருப்பதற்குக் கூலியும் ஒரு காரணம். துளைப்பு ஒப்பந்தங்கள் பலவும் மீட்டர்க் கணக்கில் பேசப்படுவன. துளைத்த மீட்டருக்குப் பணம் உண்டு; நின்ற நிமிஷத்திற்கு இல்லை. அந்நிலையில் “நிறுத்து” என்று சொல்பவன் குழுவினர் அனைவருடைய பையிலும் கைவைப்பவனாகத் தோன்றுகின்றான். கீழ்ப்படியில் இருப்பவனுக்கு இதனினும் கடினமான சோதனை ஏது? பாதுகாப்புக்கென ஆயிரம் பலகைகளை நாட்டிவிட்டு, நிறுத்தியவன் கூலியைக் குறைப்போமாயின், அப்பலகைகள் வெறும் மரத்துண்டுகளே.

எல்லைப்புறத்தாராகிய நாம் எளிதில் உணரக்கூடிய மற்றொரு தடையும் உண்டு. அது மொழி. திருத்தணி 1911 வரை வட ஆர்க்காட்டு ஜில்லாவிலும், அதன்பின் சித்தூர் ஜில்லாவிலும் இருந்து, 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர் அது. துளைப்புக் குழுவிலோ இவற்றோடு ஹிந்தியும் சேரும். பொறியை நிறுத்தச் சொல்லும் தெலுங்கர் ‘ஆபு’ என்பதற்கு ஒத்த ஒரு சொல்லை வல்லோசையோடு சொல்வர். தெலுங்கறியாத தென்னாட்டுப் பிள்ளையின் காதில் அது ‘ஆப்பு’ என்று விழும். நிறுத்தவேண்டிய நேரத்தில் அவன் மரத்துண்டைத் தேடிக் குனிந்தால் என்ன ஆகும்? இரைச்சலில் எச்சொல்லும் சிதையும் என்பதையும் எண்ணவேண்டும். எனவே மும்மொழியினரும் முன்னரே ஒப்புக்கொண்ட ஒரு கைச்சைகை இன்றியமையாதது. அதனைக் காட்டியவன் யாராயினும் பொறி நிற்கவேண்டும். காரணம் கேட்பது நின்றபின்.

கண்ணுக்குத் தெரியும் அபாயத்தையேனும் கண்டு நிறுத்தலாம். தெரியாததை எங்ஙனம் நிறுத்துவது? கோலார் தங்கவயலின் சரித்திரம் இதற்குச் சான்று. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சென்று அதிற் பாடுபட்டனர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. 1940-களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை மருத்துவர் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் கல்தூசியினால் வரும் நுரையீரல் நோயுற்றிருந்தமை வெளிப்பட்டது. இந்நோய்க்குத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. வைரமுனைத் துளைப்பில் நீர் இடைவிடாது ஓடுவதால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அதே இளைஞன் அடுத்த மாதம் ஆழ்குழாய்க் கிணற்று வண்டிக்குப் போனால், அங்கே காற்றழுத்தம் வெண்பொடியை மேகமாக எழுப்பும். முனையைக் குளிர்விக்கும் நீர் தன் மூச்சையும் காத்தது என்பதை ஒருவரும் அவனுக்குச் சொல்லாவிட்டால், முகத்தை மூடவேண்டுமென்பதையும், தூசியை நீர்தெளித்து அடக்கவேண்டுமென்பதையும் அவன் எவ்வாறு அறிவான்? நிறுத்தும் உரிமையின் மறுபாதி, அறியும் உரிமை.

சட்டம் இவ்வழியில் சிறிது தூரம் வந்துள்ளது. துளைகளையும் ‘சுரங்கம்’ என்ற சொல்லுக்குள் அடக்கியது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். பார்லிமெண்டு 2020-இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய செய்திகளை முதலாளியிடம் கேட்டறியும் உரிமையையும், உயிருக்கு அபாயம் நெருங்கியதென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதனை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் வழங்குகின்றது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1995-ஆம் ஆண்டு 176-ஆம் உடன்படிக்கை ஒருபடி மேற்சென்று, அத்தகைய இடத்தைவிட்டு விலகும் உரிமையைக் கூறுகின்றது. தெரிவிப்பதும் நன்று, விலகுவதும் நன்று. ஆனால் துளைப்பொறியருகே அபாயம் ஒரு நொடியில் வருவது. விண்ணப்பம் எழுத அங்கே அவகாசம் ஏது? பொறியை நிறுத்தும் சிவப்பு விசை துணையாளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அதனை அழுத்தியதற்காக ஒருவன் ஒரு சொல்லோ ஒரு காசோ இழக்கலாகாது. இதுவே என் கருத்து.

“அறியாச் சிறுவன் வீணாகப் பத்துமுறை நிறுத்திவிடுவானே” என்ற ஆட்சேபம் எழலாம். நிறுத்தட்டும். பத்துமுறையும் டிரில்லர் காரணத்தைப் பொறுமையுடன் விளக்கினால், பதினோராம் முறை அவன் வீணாக நிறுத்தான். பத்து நிறுத்தங்களுக்குப் போவது சில நிமிஷங்கள். நிறுத்தத் தவறிய ஒன்றிற்குப் போவதோ ஒரு குடும்பத்தின் சோறு.

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் பூமிநூலும் பொறியியலும் கற்று இத்தொழிலில் மேற்பார்வையாளராக அமர்வீர்கள். பெட்டியில் வரிசையாக வைத்த கற்றூண்கள் உங்கள் முன் வரும். அவற்றின் நிறத்தையும் பிளவையும் அளந்து எழுதுவீர்கள். அவ்வேலைக்கு முன் செய்யவேண்டியவை மூன்று உண்டு. புதிதாக வந்த துணையாளை முதல்நாளிலேயே பொறியருகே அழைத்துச் சென்று, ஓடும் பொறியை அவன் கையாலேயே ஒருமுறை நிறுத்தச் செய்யுங்கள். குழுவிலுள்ளோர் அனைவருக்கும் பொதுவான கைச்சைகையை நாள்தோறும் வேலை தொடங்குமுன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுதும் அதிகாரம் உங்களுக்கு வரும்போது, பாதுகாப்புக்காக நின்ற நேரத்திற்கும் கூலி உண்டு என்று ஒரு வரி சேருங்கள். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு ஆகாது. மேலோர் மனம் இசைந்தாற் போதும்.

பாறை எத்தனை யுகம் பொறுத்திருந்ததோ, இன்னும் அரைநாழிகை பொறுக்கும். அறுந்த விரல் மீண்டும் முளைக்காது.