மரக்கறித் தட்டும் விருந்தின் மாண்பும்

விருந்தோம்பல் தமிழர்க்குரிய தனிச்சிறப்பென்று மேடைதோறும் பேசப்படுகின்றது. ஆயினும் விருந்தினர்முன் எதனை வைப்பது, எதனை வைத்தால் அனைவர் உள்ளமும் குளிரும், எதனை வைத்தால் அவருள் ஒருவர் கைகூப்பி விலகி நிற்பர் என்னும் வினாக்களை ஆராய்வார் சிலரே. இக்காலத்தே நகரங்களில் ஒரு புதுவழக்கம் பரவி வருகின்றது. பெரியதொரு மரப்பலகையின்மேல் பாற்கட்டி வகைகள், கொட்டைகள், கனிகள், ஊறுகாய்கள், மொறுமொறுப்பான பண்டங்கள் ஆகியவற்றை அடுக்கி நடுவே வைக்க, வந்தோர் சூழ இருந்து உரையாடிக்கொண்டே எடுத்துண்பர். ஐரோப்பியரிடமிருந்து வந்த இவ்வழக்கத்தினின்று பாலும் ஊனும் நீக்கி, மரஞ்செடி கொடிகள் தருவனவற்றையே கொண்டு அத்தட்டினை அமைப்பாரும் உளர். 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவர்தம் தோழரும் பாலையும் முட்டையையும் விலக்குவோர்க்கெனத் தனிச் சங்கம் நிறுவி, அவர்க்கு 'வீகன்' என்னும் பெயரும் படைத்தனர். அப்பெயர் இன்று சென்னையிலும் புதுச்சேரியிலும் உணவுச்சாலைகளில் வழங்குகின்றது. இவ்விரு நகர்க்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மரக்காணத்து உப்பளக் கரையை நிலைக்களனாகக் கொண்டு, அத்தகைய தட்டு நம் விருந்துக்குத் தகுமா என்பதை ஈண்டு ஆராய விழைகின்றேன்.

தகாது என்பார் கூற்றை முதற்கண் கேட்போம். கடற்கரையார் வீட்டில் மீனும், கிறிஸ்தவர் இல்லத்துப் பண்டிகையில் இறைச்சியும் இல்லாத விருந்து விருந்தாகுமா என்பர் அவர். இதற்குச் சான்றும் காட்டலாம். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. 269 அடிகளை உடையது. அதன்கண் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அப்பட்டினத்து நுளையர் பாணர்க்கு முதிர்ந்த கள்ளும் சுட்ட உலர்மீனும் அளிக்கின்றனர். வேலூரில் எயினர் மகளிர் புளிச்சோற்றுடன் காட்டுப்பசுவின் ஊன் தருகின்றனர். ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றுடன் நண்டுக் கறி படைக்கின்றனர். மூவகை நிலத்தும் விருந்தென்றால் ஊனும் உடன்வருதலை அப்பாட்டிற் காண்கின்றோம்.

அதே பாட்டில் கீரையுணவும் வருகின்றது. எங்கே வருகின்றது? வறுமையின் நடுவே. பாணன் மனையில் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அறியாதார் கண்டு இகழ்வரென நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றனர். கீரை நாணத்துக்குரியது, ஊன் பெருமைக்குரியது என்னும் எண்ணம் எத்துணைப் பழமையானது! இன்றும் மரக்கறி விருந்தளிப்பவரைச் 'சிக்கனக்காரர்' என்று மறைவிற் பழிப்பார் இல்லையா?

ஆயினும் அக்காட்சியைச் சற்றே ஊன்றி நோக்குமின். அம்மனையோர் நாணியது கீரையைக் கண்டன்று. சுற்றமோ பெரிது, உணவோ சிறிது. வாங்கி இடுவதற்கு ஒரு பிடி உப்பும் இல்லை. அந்த இன்மையே அவர்தம் கதவை அடைத்தது. அப்பாட்டைப் பாடிய நத்தத்தனார் இக்கடற்கரையை அடுத்த இடைக்கழிநாட்டு நல்லூரினர். உப்பு விளையும் கரையின் அருகே வாழ்ந்தவராதலின், உப்பிலாக் கீரையின் துயரை அவர் நன்கறிந்திருத்தல் வேண்டும். உப்பும் உள்ளன்பும் சேருமாயின் அக்கீரையே கதவைத் திறந்து வைத்துப் பரிமாறத்தக்க விருந்தாகும் என்பது என் துணிபு.

இனி, அத்தட்டில் வைப்பதற்கு இக்கரையில் என்ன உண்டு எனின், குறைவொன்றும் இல்லை. தென்னார்க்காட்டு வழக்கில் 'மல்லாட்டை' எனப்படும் வேர்க்கடலையைத் தோலோடு உப்பிட்டு அவித்து வைக்கலாம். திண்டிவனத்து ஆராய்ச்சிப் பண்ணையின் பெயரால் 'டி.எம்.வி.' என்று வழங்கும் கடலை வகைகள் நாடறிந்தவை. தைத் திங்களில் அவித்த பனங்கிழங்கும், வேனிலில் நுங்கும் தர்ப்பூசணியும் வெள்ளரிப் பிஞ்சும் கிடைக்கும். தேங்காயும் மாங்காய்க் கீற்றும் கலந்த பட்டாணிச் சுண்டல், மரவள்ளிச் சீவல், அரிசி முறுக்கு, எள்ளுருண்டை, பனைவெல்லத் துண்டு ஆகியவை எக்காலத்தும் உரியன. இவற்றோடு, உப்புநிலத்தே தானாக முளைக்கும் உமரிக்கீரையையும் ஒரு சிறு கிண்ணத்திற் சேர்த்தல் வேண்டும். அக்கீரைக்குத் தனியே உப்பிட வேண்டா. அது தன் தண்டிலேயே உப்பைச் சுமந்து நிற்பது.

இப்பண்டங்களுள் பல நம் நாட்டிற்கே விருந்தாக வந்தவை என்பதையும் மறத்தல் ஆகாது. முந்திரியைப் பிரேசில் நாட்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டிற் கொணர்ந்தவர் போர்த்துக்கேசியர். கடலையும் மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தன. 'மல்லாட்டை' என்பது மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. அது கடல்கடந்து வந்ததை அதன் பெயரே சொல்லும். வந்த விருந்தை இம்மண் ஏற்று வளர்த்து, வீட்டாருள் ஒருவராக்கிக் கொண்டது. அங்ஙனமாக, 'இஃது அயலார் வழக்கு' என்று ஒரு தட்டினை ஒதுக்குதல் நமக்கு அழகன்று.

பாற்கட்டிக்கு என் செய்வது என்று வினவலாம். மேனாட்டுப் பாற்கட்டி பலவற்றுக்குக் கன்றின் இரைப்பையினின்று எடுக்கும் உறைபொருளைப் பயன்படுத்துவது தொன்றுதொட்ட வழக்கம். பாலின்றி அதனை ஒப்பதொன்று செய்ய இரு வழிகள் உள. ஒன்று, பண்ணுருட்டிப் பக்கத்தில் மிகுதியாக விளையும் முந்திரியால் ஆவது. பருப்பைச் சில நாழிகை ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்து, பழைய சோற்றின் நீராகாரத்திற் சிறிது கலந்து, ஓரிரவு புளிக்கவிட்டு, துணியிற் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து, உப்புச் சேர்த்தால் புளிப்பும் கொழுப்பும் கலந்த கட்டி கிடைக்கும். மிளகுத்தூளில் அதனைப் புரட்டி வைப்பின் உண்பார் மேலும் கேட்பர்.

மற்றொன்று, சீனரும் சப்பானியரும் சோயா அவரைப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி. இதற்கும் மரக்காணத்திற்கும் ஓர் உறவு உண்டு. உப்பளத்தில் கடல்நீர் வெயிலிற் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறும். பாகைமானியில் ஏறத்தாழ 25 அளவில் உப்பு படியத் தொடங்கும். 29, 30 அளவை எட்டியதும் எஞ்சிய நீரை வெளியே விட்டுவிடுவர். கசப்பு மிக்க அந்நீரில் மக்னீசிய உப்புக்கள் நிறைந்துள்ளன. சப்பானியர் 'நிகாரி' என்று பெயரிட்டு அவரைப்பாலைத் திரிக்கப் பயன்படுத்துவது அத்தகைய நீரினின்று எடுத்த பொருளே. பாத்தியிற் கிடக்கும் நீரை அப்படியே உணவிற் சேர்த்தல் கூடாது. தூய்மை செய்தல் இன்றியமையாதது. ஆயினும் கழிவென விடுக்கும் நீரிலும் ஒரு விருந்துக்குரிய பொருள் ஒளிந்திருத்தல் வியத்தற்குரியது. நம் அறிவியல் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை கூறாதொழியின் என் கடமை முற்றுப்பெறாது. மரக்கறி உண்டல் வேறு. மரக்கறி உண்பதனாலேயே தம்மை உயர்ந்தோரென்று எண்ணுதல் வேறு. நாம் மரக்கறியைச் 'சைவம்' என்கின்றோம். ஒரு சமயத்தின் பெயர் உணவின் பெயராயிற்று. நாளடைவில் அதுவே குலத்தின் உயர்வு தாழ்வு காட்டும் குறியுமாயிற்று. வாடகைக்கு வீடு கேட்பாரிடம் முதற்கண் அச்சொல்லைக் கூறி வாயிலை அடைப்பார் நம் நகரங்களில் உளர். ஆதலின் 'மரக்கறி' என்னும் பழஞ்சொல்லையே யான் விரும்புகின்றேன். யாழ்ப்பாணத்தார் நாவிலும் நம் விவிலியத்திலும் இன்றும் வாழும் அச்சொல்லில் குலமும் இல்லை, சமயமும் இல்லை.

மரக்காணத்தில் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சாதிப்பகை மூண்டு ஏழைகளின் வீடுகள் எரிந்தன. மனிதர் ஒருவரோடொருவர் உட்கார்ந்து உண்ணாத ஊரில் அத்தகைய தீ எளிதிற் பற்றும். மரக்கறித் தட்டு மீனவன் வீட்டுக் கருவாட்டை இழித்துக் காட்டுவதற்கு ஒரு கருவியாகுமாயின், அது வைக்கப்படாதிருத்தலே நன்று. ஊன் உண்பானும் உண்ணாதானும், பால் ஒவ்வாதானும், நோன்பிருப்பானும், ஒருவரையொருவர் வினவாமல் ஒரே தட்டிற் கைநீட்டுதற்கு இடந்தருதலே அதன் பயன். மீன் வைத்த தட்டில் எல்லாரும் கைவைக்க இயலாது. கடலையும் பனங்கிழங்கும் வைத்த தட்டிலோ ஏறக்குறைய எல்லாரும் கைவைக்கலாம். யான் அதனைப் பரிந்துரைத்தற்கு இதுவே முதற் காரணம்.

கிறிஸ்தவராகிய நமக்கு இதில் தடையுண்டோ? ஆபிரகாம் தன் விருந்தினர்க்கு இளங்கன்றைச் சமைத்தான். மனந்திரும்பிய மைந்தனுக்காகத் தந்தை கொழுத்த கன்றை அடித்தான். இவற்றை மறைத்தல் வேண்டா. எனினும் பாபிலோன் அரண்மனையில் தானியேல் பத்து நாள் பருப்பும் நீரும் உண்டு தன் மனச்சான்றைக் காத்தான். உண்பவன் உண்ணாதவனை அற்பமாய் எண்ணுதலும், உண்ணாதவன் உண்பவனைக் குற்றவாளியாகத் தீர்த்தலும் தகாவென்று உரோமருக்குப் பவுலடியார் எழுதினார். கீழைத் திருச்சபையார் லெந்து நாட்களில் ஊனும் பாலும் முட்டையும் விலக்கி நோன்பிருப்பர். ஆகவே மரக்கறித் தட்டு நம் மரபிற்கு அயலானதன்று.

தட்டினருகே வைக்கும் பானத்தைப் பற்றியும் ஒருசொல். எயிற்பட்டினத்துக் கள்ளும் மரம் தந்ததே என்று எவரேனும் நகைச்சுவையாகக் கூறலாம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்டனர். அக்குப்பத்துக் கைம்பெண்களை நினைப்பார்க்கு அந்நகைச்சுவை நாவில் எழாது. பதநீரும் இளநீரும் நன்னாரிச் சாறும் போதும்.

இறுதியாக ஒரு செய்தி. முந்திரி விலை மிக்கது. அதனைக் குவித்து வைத்து 'எளிய உணவு' என்று பெயரிடுதல் போலியாகும். தட்டின் பெரும்பகுதி கடலையும் கிழங்கும் சுண்டலுமாக இருக்கட்டும். முந்திரிக் கட்டி சிறிதாக ஓரத்தில் இருக்கட்டும். அவற்றையெல்லாம் சுவைபெறச் செய்யும் உப்போ, விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெண்ணொளி கண்ணைக் கூச, கால் புண்பட வாரியவர் தந்தது. மழை தொடங்கினால் அவர்க்கு வேலையில்லை. அவர் உழைப்பை நினையாத விருந்து எத்துணை அழகாக அடுக்கப்பட்டிருப்பினும் உப்பிலா விருந்தே.

நண்பர்காள்! நம் தமிழ் மன்றத்தின் கூட்டத்திலும் பழைய மாணவர் தினத்திலும் இத்தகைய தட்டொன்றை நடுவே வைப்போம். மீனும் இறைச்சியும் வேண்டுவோர்க்கு அவையும் தனியே இருக்கட்டும். கல்லூரித் தலைவரும், ஆசிரியரும், மாணவரும், சமையற்கூடத்து ஊழியரும், வாயிற்காவலரும் ஒருங்கே சூழ்ந்து அந்நடுத்தட்டில் எடுத்துண்பாராக. பாணன் மனையில் நாணத்தால் அடைபட்ட கதவு நம் கல்லூரியிலேனும் திறந்திருக்கட்டும்.